சோறு வேறு, மருந்து வேறு

நாய்க்கு மாத்திரை கொடுப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. "திங்கிற பொருளுக்குள்ள வச்சுக் குடுத்துருங்க, அதுக்குத் தெரியவே தெரியாது." வாழைப்பழம், வெல்லம், மீன் தலை, கறித்துண்டு என்று பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறும். நாய் வளர்க்கிறவர்கள், வளர்க்காதவர்கள், சில சமயம் மருந்துக் கடையில் நிற்பவர்கள்கூட இதையே சொல்வார்கள். வருடத்துக்கு சில தடவை கொடுக்கிற குடற்புழு மாத்திரைக்கு இது சரிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் நோயில் படுத்திருக்கிற ஒரு நாய்க்கு, வாரக்கணக்கில், ஒரு நாளைக்கு இரண்டு வேளை கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டிவரும்போது இந்த யோசனை கேடு செய்கிறது என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து யாராவது இந்த யோசனையைச் சொன்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் கோம்பைக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் ராமக்கல்மேட்டுக் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். அவை நிற்பது கேரளத்தில். கோம்பை என்றதும் நாய் ஞாபகம் வருகிறவர்கள் இருப்பார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன அந்த இனம் அந்த ஊர்ப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. எங்கள் செவலை அசல் கோம்பையா என்று கேட்டால் சொல்ல முடியாது. உடம்பு செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு, நெஞ்சில் கைக்குட்டை அளவுக்கு வெள்ளை. பெட்டை. வேட்டை எதுவும் கிடையாது. அதன் உத்தியோகம் அம்மாவுக்காகக் காத்திருப்பது.

அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். கம்பம்மெட்டு வழியாக மேலே ஏறி நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், சாயந்தரம் இருட்டும்போது திரும்புவார்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எத்தனையோ ஜீப்புகள் வரும். செவலை ஒன்றுக்கும் அசையாது. அம்மா வருகிற ஜீப் மெயின் ரோட்டில் திரும்பும்போதே எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடும். அம்மா இறங்கியதும் குதிப்பதில்லை, குரைப்பதில்லை. முதலில் வலது கையை மோந்து பார்க்கும். காய் எடுத்த விரல்களில் ஏலக்காய் வாசம் சோப்புப் போட்டாலும் போகாது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடித்த பிறகுதான் அம்மாவை வீட்டுக்குள் விடும். முட்டிவலியோடு இறங்கும் அம்மா அந்த இரண்டு நிமிடமும் தூக்குவாளியை இடது கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். நாய் வளர்ப்பதில் என்ன சுகம் என்று யாரும் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாள் முழுக்க வேலை வாங்கிய கையை ஒரு ஜீவன் வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறது.

உண்ணிக் காய்ச்சல்

போன கோடையில் செவலை ஒரு நாள் வாசலுக்குப் போகவில்லை. படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டியது. காது சுட்டது. மறுநாள் சோற்றைத் தொடவில்லை. அதற்கு அடுத்து மூக்கில் ரத்தம். ஈறைத் தூக்கிப் பார்த்தால் ரோஸ் நிறம் போய் வெளுத்துக் கிடந்தது, அடிவயிற்றில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா புள்ளிகளைப் பார்த்தவுடனேயே காது மடலைத் திருப்பி, விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தார். உண்ணி இருந்தது. ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைவு. எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வரும் உண்ணிக் காய்ச்சல் என்றார்.

இந்தக் கிருமி 1935இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டுகள் நூற்றுக்கணக்கில் செத்ததும் இதே நோயில்தான். பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. அது நாயின் மேல் இருக்கும் நேரத்தைவிடச் சுவர் விரிசலிலும் கதவிடுக்கிலும் இருக்கும் நேரம்தான் அதிகம். ரத்தம் குடித்து உப்பிய பெட்டை உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். நாங்கள் திண்ணை விரிசல்களை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தோம். செவலை படுக்கும் சாக்குகளைக் கொதிநீரில் முக்கி வெயிலில் போட்டோம்.

மருந்து டாக்சிசைக்ளின். கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. இருபது கிலோ செவலைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், அதைக் காலையும் மாலையுமாகப் பிரித்து 28 நாள். இந்த 28 நாள்தான் விஷயமே. மருந்து உள்ளே போன ஒன்றிரண்டு நாளிலேயே காய்ச்சல் இறங்கி நாய் எழுந்து உட்கார்ந்துவிடும். "நல்லாயிருச்சு"ன்னு முக்கால்வாசிப் பேர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளே தங்கிவிடுகிறது. மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடித்தால் அப்புறம் மீட்பது பெரும்பாடு. டாக்டரம்மா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. சீட்டில் 28 என்று எழுதி அதைச் சுற்றி இரண்டு தடவை வட்டம் போட்டார்.

அம்மாவின் கை

முதலில் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். செவலை நாலு வாய் சோறு தின்ன ஆரம்பித்த பிறகு மாத்திரை எங்கள் பொறுப்புக்கு வந்தது. அம்மா ஜீப்பில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஜீப் முழுக்க யோசனை. நேந்திரம் பழத்தில் திணி, கருப்பட்டிக்குள் வை, பொடித்துப் பாலில் கலக்கு, மாட்டுக்கறித் துண்டைக் கீறி உள்ளே வை. எல்லோரும் அன்பாகச் சொன்னதுதான். அந்தப் பெண்கள் மறுநாள் விசாரித்தார்கள், ஒருவர் தன் வீட்டுக் கறிக்குழம்பிலிருந்து துண்டுகளை எடுத்து வைத்துக் கொடுத்துவிட்டார்.

முதல் துண்டை செவலை விழுங்கியது. அடுத்த வேளை, கறியை மென்று விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் தரையில் வைத்தது. பாலில் கலந்தபோது இரண்டு நக்கு நக்கிவிட்டு நுரை தள்ளியது. டாக்சிசைக்ளினைப் பொடித்தால் கசப்பு தாங்க முடியாது. பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போகிறது என்பது பிறகு தெரிந்தது. அப்புறம் சோற்றிலும் தேட ஆரம்பித்தது. தட்டு வைத்தால் மூக்கால் சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்க்கும். மாத்திரை இல்லாத சோற்றையும் பாதியில் விட்டுவிடும். ஏற்கெனவே விலா எண்ணலாம் போலிருந்த உடம்பு.

ஒரு சாயந்தரம் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். செவலை அதன் சாக்கில் படுத்திருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் வலது கையை நீட்டினார். கையில் ஒன்றும் இல்லை. பழமோ கறியோ மாத்திரையோ எதுவும் இல்லை, ஏலக்காய் வாசம் மட்டும்தான். செவலை அந்தக் கையை நோக்கி மூக்கைக் கொண்டுபோனது, ஒரு அங்குலம் முன்னால் நிறுத்தி மோந்தது, பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. அம்மா கையை எடுக்கவில்லை. விரல்களை விரித்துக் காட்டினார், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார், "ஒண்ணுமில்ல தாயி, பாரு, ஒண்ணுமே இல்ல" என்றார். அது கண்ணை மூடிக்கொண்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். சாப்பாடு எடுத்து வைக்கும்போது என்னிடம், "என் கைய நம்ப மாட்டேங்குதுடா" என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

நான் அன்று இரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் ஒளித்து வைப்பது நமக்கு உபாயம். மோப்பத்தால் உலகத்தை அறிகிற பிராணிக்கு அது என்னவாகத் தெரியும்? தனக்கு நல்லது என்று நம்பி வாய் வைத்த சோற்றில், நம்பிய கையிலிருந்து, கசப்பு வருகிறது. அதுவும் குமட்டலும் காய்ச்சலும் இருக்கிற நேரத்தில். உடம்பு சரியில்லாதபோது தின்ற ஒன்றை அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தொடாத மனிதர்களை நமக்குத் தெரியும். விலங்குகளுக்கும் அப்படித்தான். நோயைத் தந்தது தின்ற பொருள்தான் என்று உடம்பு முடிவுகட்டிவிடுகிறது. நோயில் கிடக்கும் நாய்க்கு உலகத்தில் மிச்சமிருப்பது சோறும் நம் கையும்தான். மருந்தை ஏற்றுவதற்காக அந்த இரண்டையும் கெடுத்துவிட்டால் அது எதைப் பிடித்துக்கொண்டு எழும்?

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் செவலையோடு என்னையும் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "சோறு வேற, மருந்து வேறம்மா. ரெண்டையும் கலக்காதீங்க. மருந்த மருந்தாவே குடுங்க, அதுக்குத் தெரியுற மாதிரியே குடுங்க" என்றார். பிறகு மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

நாய்க்கு எதிரே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் உட்கார வேண்டும். இடது கையை மூஞ்சியின் மேல்பக்கமாகக் கொண்டுவந்து, மேல் கோரைப் பற்களுக்குப் பின்னால் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற விரல்கள். அந்த இடத்தில் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. தலையை மெதுவாக மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாத்திரை, அதே கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தினால் வாய் திறந்துகொள்ளும். நாக்கு பின்னால் மேடாக எழும்பும் இடத்துக்கும் அப்பால், நட்டநடுவில் மாத்திரையைப் போட வேண்டும். முன்னால் வைத்தால் துப்பிவிடும். வாயை மூடி, தலையைச் சாதாரண உயரத்துக்குக் கொண்டுவந்து, தொண்டையைத் தடவ வேண்டும். நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதோடு முடியவில்லை. டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும், அதனால் ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, கடைவாயில், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக விட வேண்டும். மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டுவதுபோல் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வெறும் வயிற்றிலும் கொடுக்கக் கூடாது, வாந்தி வரும். முதலில் சோறு, அது தின்று முடித்து நிம்மதியாகப் படுத்த பிறகு மருந்து. இடமும் வேறாக இருக்கட்டும் என்றார்.

அம்மா மருந்துக்கென்று கிணற்றடித் துவைகல்லைத் தேர்ந்தெடுத்தார். சோற்றுத் தட்டு இருக்கும் பக்கம் மாத்திரை அட்டை போகவே போகாது. கொடுப்பதற்கு முன் மாத்திரையை மூக்கருகே காட்டுவார், "மருந்து குடிக்கணும் தாயி" என்பார். ஆரம்பத்தில் அது பின்வாங்கியது. முகத்தை அசைத்தது, ஒருமுறை கையைப் பல்லால் அழுத்தியது, கடிக்கவில்லை. அம்மா இழுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் தோளைப் பிடித்துக்கொள்வேன், அம்மாவின் இடது கை மேலே போகும், அடுத்த மூச்சுக்குள் முடிந்துவிடும். பிறகு காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவார். செவலை அந்த மாத்திரையை ஒருநாளும் விரும்பவில்லை, 28வது நாள் வரைக்கும் வேண்டாவெறுப்பாகத்தான் துவைகல் பக்கம் வந்தது. ஆனால் சோற்றைக் கிளறிப் பார்ப்பதை விட்டுவிட்டது. தட்டு வைத்தால் தலையைக் கவிழ்த்துத் தின்றது. ஜீப் வரும் நேரத்துக்கு எழுந்து வாசலுக்குப் போனது. கசப்பு எங்கே இருக்கும், எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் அதனுடையது.

அந்தக் கையை அது மறுபடி நம்பியதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். மருந்தின் குணம் பாதி இருக்கலாம், உடம்பு தேறினால் எந்த ஜீவனும் நெருங்கி வரும். ஆனால் கறியில் ஒளித்துக் கொடுத்தபோதும் அதே மருந்துதான், அப்போது அது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

கையில் கிடைத்ததைக் கொடுக்கிற பழக்கம்

மருந்து கொடுக்கத் தெரிவதற்கு முன்னால் எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். "மனுசனுக்குக் குடுக்குறதுல பாதி" என்ற கணக்கு எங்கள் பக்கம் ரொம்பச் சாதாரணம். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால், கால் வலி என்றால் புரூஃபென். நாயின் ஈரலுக்குப் பாராசிட்டமால் ஆபத்து. பூனைக்கோ ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரை எடுக்கப் போதும், அதன் உடம்பில் அந்த மருந்தை முறிக்கும் திறன் மிகக் குறைவு. புரூஃபென் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உண்ணிக்கு மாட்டு ஊசியான ஐவர்மெக்டினைக் கண்மதிப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோலி (collie) என்ற ஆடு மேய்க்கும் வகை நாய்கள் பலவற்றின் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அவற்றுக்கு அது மூளைக்குள் போய் நடுக்கமும் மயக்கமும் வந்து சாவு வரைக்கும் கொண்டுபோகும்.

இதைவிட மனம் பதறுவது தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை உண்ணிக்காக நாயின் மேல் தடவுவது. ஏலத்துக்கு அடிக்கும் குயினால்பாஸ் போன்றவை எந்த வீட்டிலும் மிச்சம் கிடக்கும். தோல் வழியாகவே உள்ளே போகும், தடவிய பிறகு நக்கினால் வாய் வழியாகவும் போகும். எச்சில் கொட்டும், தசை துடிக்கும், வலிப்பு வரும். உண்ணியைக் கொல்ல நாய்க்கென்றே மாத்திரை இருக்கிறது, ஃப்ளூரலானர் ஒரு தடவை கொடுத்தால் 12 வாரம் நிற்கும். விலை கூடுதல்தான். ஆனால் வலிப்பு வரும் நாய்க்கு அதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

அப்புறம், எங்கள் பள்ளத்தாக்குக்கே உரிய ஒன்று. கம்பத்துப் பன்னீர் திராட்சை. வருடம் முழுக்கக் காய்க்கும், கழித்த கொத்துகள் பந்தலடியில் கிடக்கும், தோட்டக்காவல் நாய்கள் அங்கேயேதான் படுக்கும். திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். எந்த நாய்க்கு, எத்தனை பழத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம்தான். மாத்திரையைத் திராட்சைக்குள் வைத்துக் கொடுக்கலாமே என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் அப்படித் தோன்றுவது இயல்பு. அதனால்தான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழத்தில் வைத்துக் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பசியோடு இருக்கும் ஆரோக்கியமான நாய், ஒரே ஒரு மாத்திரை, கசப்பில்லாதது என்றால் தாராளமாக வைக்கலாம். வாயைத் தொடவிடாத, கடித்துவிடும் நாய்க்கும் வேறு வழி கிடையாது. அப்போதும் தினமும் சோறு போடும் தட்டில் வேண்டாம், சோறு போடும் ஆளின் கையாலும் வேண்டாம். வேறொருவர், வேறொரு இடத்தில், வழக்கமாகக் கொடுக்காத தீனியில் வைத்துக் கொடுக்கட்டும்.

இப்போது பக்கத்து வீட்டுப் பையன் கோம்பையிலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்திருக்கிறான். குடற்புழு மாத்திரை எவ்வளவு கொடுக்கணும் என்று அம்மாவிடம் கேட்க வந்தான். "மொதல்ல எடை போட்டியா?" என்றார் அம்மா. பலசரக்குக் கடைத் தராசில் தூக்கி வைத்து எடை பார்த்து, டாக்டரம்மாவிடம் போன் போட்டு அளவு கேட்டார்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடணும் என்று டாக்டரம்மா சொன்னதையும் காலண்டரில் குறித்தாயிற்று. அதற்கப்புறம் அம்மா அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் சாயந்தரம் குட்டியை மடியில் வைத்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து, மூடி, காதைச் சொறிந்துவிட வேண்டும். மாத்திரை கிடையாது, சும்மா திறந்து மூட மட்டும். காதையும் விரலிடுக்கையும் அப்போதே பார்த்துவிட்டால் உண்ணி இருந்தாலும் தெரிந்துவிடும். குட்டி இப்போது அவன் உட்கார்ந்தாலே மடியில் ஏறி வாயைக் காட்டுகிறது.